மண்ணில் புதைத்த சரக்கும் மூன்று மாதத் தவணையும்

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரன் நம் கடையில் சர்க்கரை மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். சிவப்புத் தொப்பி, பெரிய மீசை வைத்த ஒரு குள்ள மனிதன் குழாய்களின் மேல் தாவித் தாவிக் காசு பொறுக்கிக் கொண்டிருந்தான்.

"இது யாரப்பா?" என்றோம்.

"மரியோ, தாத்தா. உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றான். சரக்கு இறக்கிக் கொண்டிருந்த லோடுமேன் தம்பியும், "எனக்கே தெரியும் அண்ணாச்சி" என்று சிரித்தார்.

ஊருக்கெல்லாம் தெரிந்த ஆளை நமக்கு மட்டும் தெரியவில்லையே என்று விசாரிக்க ஆரம்பித்தோம். பேரன் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் இரவில் உட்கார்ந்து படித்தோம். விளையாட்டுக் கதை என்று நினைத்துத்தான் தொடங்கினோம். பார்த்தால், அது சரக்கின் கதையாகவும் கடைக்காரரின் கதையாகவும் இருந்தது. மளிகைக் கடைக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காசு நிரம்பி நின்ற இயந்திரம்

1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், அட்டாரி என்ற சிறு கம்பெனி 'பாங்' என்ற விளையாட்டு இயந்திரத்தைச் செய்தது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான். டேபிள் டென்னிஸ் மாதிரி. அதை ஒரு மதுக்கடையில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் இயந்திரம் ஓடவில்லை என்று புகார் வந்தது. அதைச் செய்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்தார். கோளாறு ஒன்றுமில்லை. ஜனங்கள் போட்ட காசு நிரம்பி வழிந்து அடைத்துக் கொண்டிருந்தது!

1975-ல் அதே விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் பெட்டியாக வந்தது. 1977-ல் கேசட் மாற்றிப் போடும் பெட்டி வந்தது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். புதுப்புது விளையாட்டைக் கேசட்டாக வாங்கிச் செருகிக் கொள்ளலாம். ரேசர் ஒருமுறை, பிளேடு மாதந்தோறும் என்ற கணக்கு. ஓடும் சரக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

1980-ல் ஜப்பானில் தோரு இவாதானி என்பவர் 'பேக்-மேன்' செய்தார். அதுவரை சுட்டுத் தள்ளும் ஆட்டங்களே அதிகம்; பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று எண்ணி, வாயைத் திறந்து தின்றுகொண்டே போகும் ஒரு மஞ்சள் வட்டத்தை உருவாக்கினார். இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் அதைப் பற்றிப் பாட்டு வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஆட்டம் கடையை விட்டு வெளியே வந்து வீட்டுப் பேச்சில் கலந்தது அந்தக் காலத்தில்தான்.

பத்து கேட்டால் ஐந்து வரும்

ஓடுகிற சரக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்ற நிலை. நம் கடைகளில் ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனிகூட 1982-ல் இந்தத் தொழிலில் இறங்கியது. நாய்த் தீவனம் விற்கும் கம்பெனிக்கு விளம்பரமாக ஒரு விளையாட்டு வந்தது. நல்லது எது, கெட்டது எது என்று வாங்குகிறவருக்கும் தெரியவில்லை, விற்கிறவருக்கும் தெரியவில்லை.

1981 அக்டோபரில் அட்டாரி தன் விநியோகஸ்தர்களைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் முழுவதற்கும் இப்போதே ஆர்டர் கொடுங்கள் என்றது. அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே? பத்து கேட்டால் ஐந்துதான் வரும் என்ற பழைய அனுபவத்தில் இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தார்கள். இந்த முறை பத்து கேட்டவருக்குப் பத்தும் வந்தது. சந்தையிலோ அதற்குள் ஏகப்பட்ட கம்பெனிகள். ஆர்டர்கள் ரத்தாயின, சரக்கு திரும்பியது.

1982-ல் ஈ.டி. என்ற ஸ்பீல்பெர்க் படம் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிப்பதற்காக அதே பெயரில் ஒரு விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்தார்கள். ஏறத்தாழ 40 லட்சம் கேசட்டுகள் தயாராயின. பெரும்பகுதி திரும்பி வந்தது. சிறு கம்பெனிகளுக்குத் திரும்ப எடுக்கப் பணமில்லை, பல மூடிவிட்டன. மாட்டிக்கொண்ட கடைக்காரர்கள் 35 டாலர் சரக்கை 5 டாலருக்குக் கூடையில் கொட்டி விற்றார்கள். 5 டாலர் கூடை இருக்கும்போது நல்ல புதுச் சரக்கை யார் 35 கொடுத்து வாங்குவார்? 1983-ல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த அந்தத் தொழில், 1985-ல் 10 கோடி டாலராகச் சுருங்கியது.

1983 செப்டம்பரில் அட்டாரி தன் தேங்கிய சரக்கை லாரி லாரியாக நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. பல ஆண்டுகள் அதை வெறும் வதந்தி என்றே பலர் நினைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே ஈ.டி. கேசட்டுகள் இருந்தன! அதில் ஒன்று இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சீட்டுக்கட்டு வியாபாரி செய்த காரியம்

வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிய அந்த நேரத்தில், ஜப்பானின் கியோட்டோ நகரிலிருந்து நிண்டெண்டோ வந்தது. 1889-ல் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய குடும்ப வியாபாரம் அது. மூன்றாவது தலைவராக 1949-ல் பொறுப்புக்கு வந்த ஹிரோஷி யாமவுச்சி டாக்சி ஓட்டிப் பார்த்தார், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார். அவை கைகொடுக்கவில்லை. பொம்மையில் இறங்கி, பிறகு வீடியோ கேமுக்கு வந்தார்.

மரியோவின் பிறப்பு இங்கேதான். 1981-ல் ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் செய்த 'டாங்கி காங்' ஆட்டத்தில் தச்சனாக வந்தவன் அவன். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் சொந்தக்காரர் பெயர் மரியோ, அதையே சூட்டிவிட்டார்கள். குடோன் முதலாளியின் பெயர் உலகப் புகழ் பெற்றது இதுவரை நாம் கேள்விப்படாத சங்கதி.

1985 இலையுதிர் காலத்தில் நிண்டெண்டோ நியூயார்க் நகரக் கடைகளை மட்டும் குறிவைத்தது. முதலில் பெட்டியின் பெயரிலிருந்து 'வீடியோ கேம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. கூடவே ஒரு சிறு ரோபோ பொம்மையை வைத்து, இது பொம்மைச் சரக்கு என்று காட்டியது. அப்போதும் கடைக்காரர் அசையவில்லை. கடைசியில் அந்தக் கம்பெனி சொன்னது இதுதான்: "சரக்கை நாங்களே கொண்டுவந்து அடுக்குகிறோம். 90 நாள் கழித்து, விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள். விற்காததைத் திரும்ப எடுத்துக் கொள்கிறோம்."

பிறகுதான் கடைக் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே நாடு முழுதும் பரவியது. வெளிக் கம்பெனி எதுவும் வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் போடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. பெட்டிக்குள் பூட்டு மாதிரி ஒரு சில்லைப் பொருத்தி, அனுமதியில்லாத கேசட் ஓடாதபடி செய்தது. தரமுத்திரை ஒட்டியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நினைவில் மரியோ குடியேற அந்த 90 நாள் தவணைதான் வழி திறந்தது.

ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். கை ஓங்கியதும் அதே கம்பெனி கடைக்காரரை மிரட்டத் தொடங்கியது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்றால் சரக்கு கிடையாது என்றது. அமெரிக்க அரசு விசாரித்தது. 1991-ல் சமரசமாக, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் தள்ளுபடிச் சீட்டு கொடுக்க நேர்ந்தது. பலவீனத்தில் கும்பிடுவதும் பலம் வந்ததும் மிரட்டுவதும் கம்பெனிகளின் சுபாவம். நமக்கு இது புதிதல்ல.

உலகம் ஏற்றுக்கொண்ட விதம்

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த 'டெட்ரிஸ்' ஆட்டம் 1989-ல் நிண்டெண்டோவின் கையடக்கப் பெட்டியோடு சேர்ந்து உலகம் சுற்றியது. தொண்ணூறுகளில் சென்னை பர்மா பஜாரிலும் நம்மூர்த் திருவிழாக் கடைகளிலும் 'பிரிக் கேம்' என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோமே, கட்டை அடுக்கும் ஆட்டம், அது இந்த ரஷ்யச் சரக்கின் நகல்தான். செய்த மனிதருக்கு 1996 வரை உரிமைத்தொகை சேரவில்லை.

2012-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பேக்-மேன், டெட்ரிஸ் உட்பட 14 விளையாட்டுகளைக் கலைப்பொருளாகச் சேர்த்தது. 2016 ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே மரியோ வேடத்தில் வந்து நின்றார். 2023-ல் வந்த மரியோ திரைப்படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காசு போட்டு ஆடிய பொழுதுபோக்கு, ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அதை விற்றுக் கொடுத்த கடைகள் என்ன ஆயின? இன்று விளையாட்டு பெரும்பாலும் கேசட்டில் வருவதில்லை. கம்பியில்லாமல் நேரே கைப்பேசிக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் பெரிய பொம்மைக்கடைத் தொடரான டாய்ஸ் ஆர் அஸ் 2018-ல் அங்கே தன் கடைகளை இழுத்து மூடியது. அதற்குக் கடன் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் கடையின் அலமாரிக்காகக் காத்துக்கிடந்த சரக்குக்கு இன்று அலமாரியே தேவைப்படவில்லை.

நாம் புதைத்த சரக்கு

இதைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1996-ல் ஒரு கம்பெனியின் ஊட்டச்சத்துப் பானப்பொடியை நூற்றுக்கு இருபது இலவசம் என்ற ஆசையில் 300 பெட்டி எடுத்தோம். ஓடவில்லை. சர்க்கரை வேண்டுமானால் இதையும் எடுத்துக்கொள் என்று சிறு கடைக்காரர்கள் தலையில் கட்டினோம். மழைக்காலத்தில் பொடி கட்டிதட்டிப் போயிற்று. ஒரு நாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெட்டிக்கடைக்காரர் இரண்டு பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, பிள்ளைகள் துப்புதுக. எடுத்துக்கோங்க" என்றார். கம்பெனி எடுக்க மாட்டேன் என்கிறது, நாம் என்ன செய்வது என்றோம். பில்லின் அடியில் அச்சடித்திருந்த வரியையும் விரலால் காட்டினோம். அவர் பேசவில்லை. பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்தார். பழைய பாக்கியை எண்ணி வைத்தார். போய்விட்டார்.

பிறகு அவர் நம் கடைப் படி ஏறவில்லை. இரண்டு பெட்டியின் விலை இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. இன்று அவர் மகன் அதே ஊரில் மூன்று ஷட்டர் போட்ட கடை நடத்துகிறார். சரக்கு எதிர்க்கடையிலிருந்து போகிறது. மீதிப் பொடியைக் குடோனுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். அமெரிக்காக்காரன் புதைத்ததை அருங்காட்சியகம் வாங்கியது. நம் குழியைத் தோண்டினால் யார் வருவார்?

உப்பும் புளியும் கைப்பேசிக்குள் இறங்கிவிடாது என்று இருந்தோம். இன்று பத்து நிமிடத்தில் வாசலுக்கே வருகிறது. அவர்களோடு விலையில் மோதி நம்மால் நிற்க முடியாது. வண்டுவிழுந்த பருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேச வாடிக்கையாளருக்கு ஒரு கடை வேண்டும்; அந்தக் கடைக்காரருக்குப் பின்னால் ஒரு மொத்தக்கடை வேண்டும். நமக்கு இருக்கும் பலம் அதுதான்.

ஆகவே நாம் இந்த மாதத்திலிருந்து செய்யத் தொடங்கியிருப்பதை எழுதுகிறோம். புதுச் சரக்கு எதுவானாலும் கடைக்கு ஒரு பெட்டிக்கு மேல் கொடுப்பதில்லை. பணம் விற்ற பிறகு. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே சொன்னால் திரும்ப எடுக்கிறோம். கம்பெனிப் பிரதிநிதியிடம், திரும்ப எடுப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மறுவாரம் கடிதத்தோடு வந்தார். பத்து வேண்டுமென்றால் பத்து என்றே எழுதுகிறோம். பில்லின் அடியிலிருந்த அந்த வரியை எடுத்துவிடும்படி அச்சகத்துக்கும் சொல்லியாயிற்று.

முதல் புது பில் புத்தகம் வந்ததும் அந்தக் கிராமத்துக் கடைக்கு நேரில் போவதாக இருக்கிறோம். தகப்பனார் இன்னும் கல்லாவில் உட்காருகிறாராம்.