வெற்றிலைத் தட்டும் பல்கலைக்கழகமும்

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஜன்னலோரம் இருந்து அந்தப் பெரிய மரங்களைப் பார்க்காதவர் எம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று அங்கே போக வேண்டும் என்று கனவும் காண்கிறோம். ஆனால் அந்த மதில்களுக்குள்ளே எதை ஆராய்கிறார்கள் என்று கேட்டால் எம்மில் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

தேடி வாசித்தபோது ஒன்று புரிந்தது. அவர்கள் ஆராய்ந்தவற்றில் பல, தூரத்து நட்சத்திரங்கள் அல்ல. எமது தோட்டத்திலும் கிணற்றிலும் சமையலறையிலும் இருப்பவை.

மழை பெய்த இரவில் 'டிக் டிக்' என்று சத்தமிடும் சிறிய மரத்தவளைகளை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் நூறு வகைக்கும் அதிகமான மரத்தவளைகள் இருக்கலாம் என்று 2002 இல் 'சயன்ஸ்' என்ற ஆய்வுச் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதை எழுதிய குழுவில் இருந்த மாதவ மீகஸ்கும்புர பின்னர் பேராதனையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். இத்தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவருகிறது!

அடுத்தது கிணற்று நீர். புவிச்சரிதவியல் பேராசிரியர் சி.பி. திசாநாயக்கவும் அவருடன் பணியாற்றியோரும் நாட்டின் நிலத்தடி நீரில் எந்தக் கனியுப்பு எங்கே கூடுதலாக உள்ளது என்று வரைபடமாக்கினார்கள். உலர் வலயக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு, உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது இத்தகைய ஆய்வுகளால்தான் தெரியவந்தது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது விடயம். அது எங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டிலேயே இருந்தது.

பாக்கு என்ன செய்கிறது?

நீண்ட காலம் நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடமாக இருந்தது பேராதனை பீடம்தான். வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்திய நிலைகளும் அங்கே பல ஆண்டுகளாக ஆராயப்படுகின்றன. பேராசிரியர் டபிள்யூ.எம். திலகரத்ன போன்றோர், பாக்கு சப்புவதால் வாயின் உட்புறம் நாராகித் தடிக்கும் நோயைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர்.

உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு இது இலகுவாகப் புரியும். பாக்கில் அரெக்கோலின் என்ற அல்கலொயிட்டு இருக்கிறது. அது கன்னத்தின் உள்ளே நார் உண்டாக்கும் கலங்களைத் தூண்டி, கொலாஜனை அளவுக்கு மீறி உருவாக்கச் செய்கிறது. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தை ஊக்குவிக்கிறது. தனின் அவற்றை இலகுவில் சிதைய விடுவதில்லை. நார் சேர்ந்துகொண்டே போகும், கரையாது. கன்னம் விறைத்து, நாளடைவில் மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் போகும். சிலருக்கு அது புற்றுநோயாக மாறும்.

"புகையிலை போட்டால்தானே ஆபத்து?" என்று பலர் கேட்பார்கள். புகையிலை ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்திவிட்டது.

வராமல் போனவர்கள்

பேராதனையில் பணியாற்றிய சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் 1984 இல் வெளியிட்ட ஓர் ஆய்வை வாசித்தபோது மனம் கனத்தது. 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பரிசோதிக்கச் செய்தார்கள். 1,220 பேரின் வாயில் சந்தேகத்துக்குரிய மாற்றம் காணப்பட்டது. மீண்டும் பரிசோதிக்க வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லியும், வந்தவர்கள் 660 பேர் மட்டுமே. மிச்சம் 560 பேர் வரவில்லை.

பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத பரிசோதனை அது. வெளிச்சமும் பயிற்சி பெற்ற இரு கண்களும் போதும். அப்படியிருந்தும் ஏறத்தாழ பாதிப் பேர் வரவில்லை. பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது அவர்கள் வாசல் வரை வந்தது, உள்ளே நுழையவில்லை.

எங்கள் உம்மும்மாவும் அந்த 560 பேரைப் போலத்தான். நான் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார்.

"அறுபது வருஷமா வெத்தில சப்புறன் புள்ள. எனக்கு ஒண்டும் வரல்லயே."

நான் வாதாடவில்லை. "உம்மும்மா, ஒருக்கா வாயைத் திறங்களேன், நான் பார்க்கிறன்" என்று கைபேசி விளக்கை அடித்தேன். இடது கன்னத்தில், அவர் எப்போதும் வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. வலி இல்லை என்றார். வலி இல்லாததால்தான் யாரும் போவதில்லை என்று நான் வாசித்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த கிழமை உம்மாவும் நானும் அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். அந்தத் திட்டைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், பாக்கை விட வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். இப்போது உம்மும்மாவின் தட்டில் கராம்பும் ஏலமும் இருக்கின்றன. பாக்குவெட்டியை உம்மா ஒளித்து வைத்திருக்கிறார். உம்மும்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் அடுத்த தவணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தோழிகளே, பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் வெற்றிலை போடுபவரின் வாயை ஒருமுறை பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம், காரம் பட்டால் எரிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாளை எம்மில் ஒருத்தி பேராதனையில் புதிய ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன், ஏற்கெனவே கண்டுபிடித்ததை வீட்டுக்குள் கொண்டு போகும் வேலை எம் எல்லோருக்கும் இருக்கிறது.