நோயாளிக்கு விளங்குகிறதா?

சகோதரிகளே! பிரித்தானியா சென்று பணிபுரிய எண்ணும் டாக்டர் மகனோ மகளோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியாயின் இதை அவசியம் வாசியுங்கள்.

வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் அங்கு பதிவு பெறுவதற்கு ஆங்கில அறிவை நிரூபிக்க வேண்டும். இதற்கென ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையுடன், 2018 முதல் ஓ.ஈ.ரி. எனும் பரீட்சையும் ஏற்கப்படுகிறது.

ஓ.ஈ.ரி.யின் பேச்சுப் பகுதி சுமார் 20 நிமிடம். ஒருவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். தரப்படும் அட்டையை 3 நிமிடம் வாசித்துவிட்டு, அவருடன் 5 நிமிடம் உரையாட வேண்டும். இப்படி இரு முறை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு பரீட்சகர்கள் புள்ளியிடுவர்.

இங்கு மருத்துவ அறிவுக்குப் புள்ளி இல்லை. நம் நாட்டு உச்சரிப்பும் குற்றமன்று. பேச்சு விளங்கினால் போதும். நோயாளியின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டாரா? கடினமான மருத்துவச் சொற்களை எளிதாக்கிச் சொன்னாரா? இவையும் கவனிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1998 முதல் 2020 வரை நடந்த நேரடிப் பரீட்சையில், நோயாளியாக நடித்தவரே வைத்தியரின் ஆங்கிலப் பேச்சையும் மதிப்பிட்டார்!

ஆகவே தாய்மாரே, இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். நீங்களே நோயாளியாக அமர்ந்து, "எனக்கு என்ன வருத்தம்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். முதலில் தமிழில், பின்னர் ஆங்கிலத்தில் சொல்லட்டும். உங்களுக்கு விளங்காவிட்டால் மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். நோயாளிக்கு விளங்கச் சொல்வதும் ஓர் அமானிதம் அல்லவா?