டிரெய்லர் கொக்கி... சேஸிஸில் வெல்டிங் வைத்தால் வினைதான்!

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளர்கள் என எந்நேரமும் பரபரப்பு. இதே சாலைகளில்தான் சுற்றுவட்டார விவசாயிகள் காய்கறியையும் வைக்கோலையும் ஏற்றிச் செல்கிறார்கள். 'பிக்அப்புக்குப் பின்னால் ஒரு கொக்கி வைத்துவிட்டால், டிரெய்லரையும் சேர்த்து இழுத்துவிடலாமே' என்ற எண்ணம் பலருக்கும் வரும். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலைதான். ஆனால், அந்த வேலையில் தவறு நடந்தால், ஓட்டத்தில் கழன்ற டிரெய்லர் பின்னால் வரும் பைக் மீதுதான் ஏறும்.

ஏணிதான் முதுகெலும்பு!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ம் ஆண்டு முதல் தயாரித்துவரும் கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த கூடே சுமையைத் தாங்கும். ஒரகடத்தில் 2012-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஆலையிலிருந்து வரும் பாரத்பென்ஸ் லாரிகள் அப்படியல்ல. அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் சேஸிஸ். பொலேரோ பிக்அப், தோஸ்த் போன்ற வண்டிகளுக்கும் அடிப்படை இந்த ஏணிதான்.

மூங்கில் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளக் கால்கள் எடையைச் சுமக்கின்றன. குறுக்குப் படிகள் அந்தக் கால்கள் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்கின்றன. சேஸிஸின் நீளச் சட்டம் பெரும்பாலும், 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். மேலே ஓர் உதடு, கீழே ஓர் உதடு, இடையில் செங்குத்தான நடுச்சுவர்.

பச்சைக் கழியை வளைத்தால் வெளிப்புற நார்தான் முதலில் கிழியும். சேஸிஸிலும் அதே கதைதான். லோடு ஏறும்போது மேல் உதடும் கீழ் உதடும்தான் அதிக இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குகின்றன. அந்த உதட்டில் துளை போட்டால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வெல்டிங் ஏன் கூடாது?

சேஸிஸுக்குப் பயன்படுத்துவது சாதாரண ஆங்கிள் இரும்பு அல்ல. உறுதி கூட்டப்பட்ட எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த உறுதி மாறிவிடும். பற்றுக்குப் பக்கத்து இடம் பலவீனமாகி, மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி முடி போன்ற விரிசல் விடும். பெயின்ட் மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. லாரி சேஸிஸின் இணைப்புகளில் ரிவெட்டும் போல்ட்டும் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரியான முறை என்ன?

வண்டி கம்பெனி அங்கீகரித்த கொக்கித் தொகுப்பை, கம்பெனி காட்டும் துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்ட வேண்டும். அதன் பிடிமானம் இரண்டு நீளச் சட்டங்களின் நடுச்சுவரிலும் இருக்க வேண்டும். பம்பரிலோ, கடைசிக் குறுக்குப் படியில் மட்டுமோ மாட்டக் கூடாது. போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று உறுதி எண் பொறித்திருக்கும். தொகுப்பில் சொன்ன எண்ணே வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். லோடு ஏற்றி முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

கணக்கு முக்கியம்!

ஒற்றை அச்சு டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியில் அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1,500 கிலோ டிரெய்லர் என்றால், குறைந்தது 150 கிலோ. கொக்கி, பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 150 கிலோ, பின் அச்சில் 210 கிலோவாக இறங்கும்; முன் அச்சில் 60 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்பும் பிரேக் பிடிப்பும் குறையும். எனவே, கொக்கியில் அமரும் எடையைத் தொட்டியின் லோடு கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

மூட்டை நிறுக்கும் தராசே இந்த எடையைப் பார்க்கப் போதும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் கைப்பகுதியைக் கொக்கி உயரத்தில் சமமாகத் தராசின் மேல் நிறுத்திப் பாருங்கள். எடை குறைந்தால் லோடை முன்னால் நகர்த்துங்கள். லோடு பின்னால் குவிந்தால், வேகத்தில் டிரெய்லர் வால்போல ஆடி வண்டியையே இழுத்துப்போகும்.

டன் கணக்கில் ஏற்றும் டிராக்டர் டிரெய்லரை பிக்அப்பில் மாட்டவே கூடாது. பிக்அப்பின் பிரேக் அந்த எடைக்கானதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறிப்பிட்ட அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தேவை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

ஆகவே, 'இந்த மாடலில் டிரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ வரை?' என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடாது என்றால், அந்த வேலையை டிராக்டருக்கு விட்டுவிடுவதே நல்லது.

கிளம்பும் முன்...

* கொக்கிப் பின் முழுவதும் இறங்கி, பூட்டுக் கிளிப் மாட்டியிருக்கிறதா?
* இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் கைப்பகுதிக்கு அடியில் குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா? கொக்கி கழன்றாலும் அது தரையைக் குத்தாமல் சங்கிலி தாங்கும்.
* டிரெய்லரின் பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகின்றனவா? பின்னால் ஒளிரும் பட்டை உண்டா?
* போல்ட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு, பெயின்ட் வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் அன்றைக்கு டிரெய்லர் வேண்டாம்.