உந்துதண்டு இறுக்கம்

உந்துதண்டு இறுக்கம் என்பது, உள் எரி பொறி ஒன்றின் உருளைக்குள் முன்னும் பின்னும் ஓட வேண்டிய பிஸ்டன் எனப்படும் உந்துதண்டு, உருளைச் சுவரோடு பற்றிக்கொண்டு அசையாது நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். பட்டறை வழக்கில் இது பிஸ்டன் ஜாம் என்றும், எஞ்சின் சீஸ் என்றும் அழைக்கப்படுகின்றது. கடற்கரை ஊர்களில் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களிலும், உள்நாட்டில் கிணற்று நீர் இறைக்கும் டீசல் பொறிகளிலும் இச்சிக்கல் பரவலாகக் காணப்படுகின்றது. ஊர்ப்புறங்களில் ஆயில் எஞ்சின் எனப்படும் இப்பொறிகள் ஒரே ஓர் உருளை கொண்டவை ஆதலால், பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பொறி முழுவதும் செயலிழந்துவிடும். அவற்றுட் பெரும்பாலானவை உண்மையில் பழுதானவை அல்ல. பொறுமையின்றிச் சம்மட்டியால் அடிக்கும்போதுதான் பழுதாகின்றன.

பின்னணி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் நிலத்தடி பெரும்பாலும் கடும் பாறையாகும். கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளையும் இப்பகுதியில், பாறையைக் குடைந்து வெட்டிய அகன்ற திறந்த கிணறுகளே நெடுங்காலம் பாசனத்துக்கு உதவின. வளிமண்டல அழுத்தத்தால் நீரைக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத்துக்கே உறிஞ்ச முடியும். நடைமுறையில் இது 6 அல்லது 7 மீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே ஆழமான கிணறுகளில் பொறியையும் இறைப்பியையும் தரைமேல் வைக்க இயலாது. கிணற்றின் உட்சுவரில் மேடை அமைத்து அதன்மேல் பொருத்தினர். அந்த மேடையில் எப்போதும் ஈரம் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, மணிமுத்தா ஆறுகளில் நீர் பெருகும் காலத்தில் கிணற்று நீர்மட்டமும் உயர்ந்து, கவனியாது விட்ட பொறி மூழ்கிப்போவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 1980களில் சிறு உழவர்களுக்கும், பின்னர் அனைத்து உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. மின் இணைப்புப் பெற்றவர்கள் ஆயில் எஞ்சினை அப்படியே நிறுத்திவிட்டனர். இன்று பிஸ்டன் பிடித்த நிலையில் பட்டறைக்கு வரும் பழைய பொறிகளுள் பல, கடைசியாக ஓடியபோது நன்றாக ஓடியவையே. மின்தடை நீளும் கோடையில், காயும் பயிருக்கு நீர் பாய்ச்ச அவற்றை மீண்டும் தேடும்போதுதான் கைப்பிடி சுற்ற மறுப்பது தெரிய வருகின்றது.

இறுக்கம் ஏற்படும் விதம்

இறுக்கம் இரு வகைப்படும். முதலாவது, நின்ற பொறியில் துருவினால் நேர்வது. பொறி நிற்கும்போது வால்வுகளுள் ஒன்று திறந்திருந்தால் ஈரக்காற்று நேரே உருளைக்குள் புகும். வார்ப்பிரும்பு வளையங்களும் வார்ப்பிரும்பு உருளையும் சேர்ந்து துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பதால், இடைவெளியில் ஆப்பு அடித்தது போல் ஆகிவிடுகின்றது.

இரண்டாவது, ஓடும் பொறியில் வெப்பத்தால் நேர்வது. பொறியைக் குளிர்விக்கும் நீர் பல இடங்களில் இறைப்பியின் வெளியேற்று குழாயிலிருந்தே எடுக்கப்படுகின்றது. கிணற்றில் நீர் குறைந்து புட்வால்வு காற்றை உறிஞ்சினால் வயலுக்குப் போகும் நீர் மட்டுமன்றிக் குளிர்விக்கும் நீரும் நின்றுவிடும். அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் இயல்புடையது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 பாகை செல்சியசு சூடேறினால் அதன் விட்டம் சுமார் 0.18 மி.மீ. கூடும், அதே அளவு சூடேறிய இரும்பு உருளை 0.09 மி.மீ. மட்டுமே விரியும். பிஸ்டனைச் சுற்றி விடப்படும் இடைவெளியே ஏறத்தாழ இந்த அளவினதுதான். அதன்பின் அலுமினியம் உருளைச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

வெப்பத்தால் பிடித்த பொறி, ஆறியபின் தானாகவே விட்டுவிடுவது உண்டு. அதனைக் கண்டு மகிழ்ந்து மீண்டும் ஓட்டுவது தவறு. சுவரில் அப்பிய அலுமினியம் அடுத்த முறை வளையங்களைக் கிழித்துவிடும்.

முதலில் உறுதி செய்ய வேண்டியவை

கைப்பிடி சுற்றவில்லை என்பதாலேயே பிஸ்டன் பிடித்துள்ளது என முடிவு செய்யக்கூடாது. இறைப்பியின் சுழலி துருவேறி நின்றிருக்கலாம். எனவே பெல்ட்டையோ இணைப்பையோ கழற்றிவிட்டுப் பொறியைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து டீசல் வரும் வழியை அடைத்து, இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும். உருளையில் நீர் தேங்கியிருந்தாலும் பிஸ்டன் மேலேற மறுக்கும். நீரை அமுக்க இயலாதாகையால், அந்நிலையில் நெம்பினால் இணைப்புத் தண்டு வளையும். ஒரு திசையில் நன்றாகச் சுழன்று, ஓரிடத்தில் மட்டும் கடினமாக மோதி நின்றால், உடைந்த வால்வு போன்ற ஏதோவொன்று உள்ளே கிடக்கின்றது எனக் கொள்ளலாம்.

விடுவிக்கும் முறை

உருளைத் தலையைக் கழற்றி, பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கின்றது என்று பார்ப்பது அடுத்த படி. பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவை எமரித் தாளால் தேய்த்து நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் விடுபட்ட பிஸ்டன் அதே துருவில் மீண்டும் போய்ச் சிக்கும்.

பின் பிஸ்டனின் மேல் ஊடுருவும் எண்ணெய் ஊற்றப்படுகின்றது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றுவது பழைய வழக்கம். தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்குரிய எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவை மெல்லிய இடுக்குகளிலும் இறங்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். பீடி, விளக்கு எதுவும் அருகில் இருத்தலாகாது. மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே சில நாட்கள், தேவையெனில் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். மட்டம் குறைகின்றது என்றால் எண்ணெய் இறங்குகின்றது என்று பொருள். இதைவிட நல்ல அறிகுறி வேறில்லை.

நீர்க்குளிர்ப்புப் பொறிகளில், உருளையைச் சுற்றியுள்ள நீரறையில் கொதிநீரை ஊற்றி ஆறவிடுவது பயன் தரும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துருவின் பிடி தளரும். எண்ணெய் ஊற்றிய உருளையைத் தீச்சுவாலையால் காய்ச்சுவது இரு வகையில் ஆபத்தானது. எண்ணெய் தீப்பிடிக்கும், ஒரே இடத்தில் சூடேறிய வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ஊறியபின், உருளைக்குள் தளர்வாகப் பொருந்துமாறு செதுக்கிய புளியங்கட்டை போன்ற கடினமான மரக்கட்டையைப் பிஸ்டன்மேல் வைத்து, மிதமாகத் தட்ட வேண்டும். இரும்பால் நேரடியாக அடித்தால் பிஸ்டனின் தலை விரிசல் காணும். தட்டும்போதே மற்றொருவர் ஃபிளைவீலை இரு திசையிலும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். நோக்கம் ஒரே அடியில் விடுவிப்பது அன்று. முடியளவு அசைவு கிடைத்தால் அதனூடே எண்ணெய் இறங்கும், பின் அடுத்த அசைவு எளிதாகும்.

பிஸ்டன் உச்சியிலேயே நின்றிருந்தால் மேலிருந்து தட்டுவதால் பயனில்லை. அந்நிலையில் இணைப்புத் தண்டும் வணரியும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், அடி முழுவதும் கீழுள்ள தாங்கியில் இறங்கும். அப்போது பொறியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, இணைப்புத் தண்டின் அடிப்பகுதியை வணரியிலிருந்து கழற்றி, கீழிருந்து மரக்கட்டையால் மேலே தள்ளுவதே ஏற்றது.

எதற்கும் அசையாவிடில், எதை இழப்பது என்று முடிவு செய்ய வேண்டி வரும். உருளையின் உட்புறக் குழலான லைனரைத் தனியே மாற்றக்கூடிய பொறிகளில் பிஸ்டனையும் லைனரையும் இழக்கலாம். அடிக்கூட்டையும் வணரியையும் இழத்தலாகாது. மலைமேல் வெள்ளிமலை போன்ற ஊர்களிலிருந்து கனமான பொறியைக் கீழுள்ள லேத் பட்டறைக்கு இறக்குவதைக் காட்டிலும், இவ்வளவையும் பொறி நிற்கும் இடத்திலேயே முயல்வது மேல்.

படகு மோட்டார்கள்

அவுட்போர்டு மோட்டாரில் வணரி செங்குத்தாகவும் உருளை கிடையாகவும் இருக்கும். ஊற்றிய எண்ணெய் கீழ்ப்பாதியில் மட்டும் தேங்கும். ஆகவே மோட்டாரைப் படகிலிருந்து கழற்றி, தீப்பொறிச் செருகியின் துளை மேல்நோக்குமாறு கிடத்த வேண்டும். உப்புநீரால் அலுமினியம் அரித்து உண்டாகும் வெண்பொடியும் இங்கு இறுக்கத்துக்குக் காரணமாகும். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் மூழ்கிய மோட்டார்களுக்கு நேர்ந்தது இதுவே. உப்புநீர் புகுந்த மோட்டாரை உடனே நன்னீரால் கழுவி எண்ணெயிட்டால் காப்பாற்றலாம், உலரவிட்டால் கடினம்.

இவ்வகையில் செருகித் துளை வழியாகக் கிரீஸ் துப்பாக்கியால் கிரீசைச் செலுத்திப் பிஸ்டனைத் தள்ளும் முறையும் உண்டு. 80 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் 5 டன் விசை கிடைக்கும். ஈரடிப் பொறிகளில் உருளைச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டன் மூடியிருந்தால் மட்டுமே இது இயலும். அழுத்தக் காற்றை இவ்வாறு பயன்படுத்தலாகாது. விடுபடும் கணத்தில் காற்று திடீரென விரிந்து காயம் விளைவிக்கும்.

மீண்டும் இயக்குதல்

விடுபட்டவுடன் பொறியை ஓட்டக்கூடாது. பிஸ்டனை வெளியே எடுத்து, வளையங்கள் அவற்றின் காடிகளில் தளர்வாக அசைகின்றனவா எனவும், லைனரில் குழிகள் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும். ஊற்றிய மண்ணெண்ணெயில் ஒரு பகுதி கீழிறங்கி மசகெண்ணெயோடு கலந்திருக்கும். அதனை முழுதும் வடித்து மாற்றாவிடில் தாங்கிகள் தேயும். உருளையில் எண்ணெய் எஞ்சியிருந்தால், டீசலை நிறுத்தினாலும் நில்லாமல் பொறி கட்டுக்கடங்காது ஓடக்கூடும். எனவே வால்வைத் தூக்கி நிறுத்தும் நெம்புகோலைத் தூக்கிய நிலையில் கையால் பலமுறை சுற்றி எண்ணெயை வெளியேற்ற வேண்டும்.

கிணற்று மேடையில் உள்ள பொறியெனில் புகைக்குழாய் கிணற்றுக்கு வெளியே செல்கின்றதா என்று பார்க்காமல் இயக்கலாகாது. ஓட்டையான புகைக்குழாய் வழியே கிணற்றுள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உள்ளே இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் ஒருங்கே இறக்க நேரிடும்.

மீண்டும் நெடுநாள் நிறுத்துவதாயின், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, உருளையில் சிறிது மசகெண்ணெய் விட்டு, புகைக்குழாயின் வாயைத் தகர டப்பாவால் கவிழ்த்து மூடுவர். மாதம் ஒருமுறை கைப்பிடியைச் சில சுற்றுகள் சுற்றி, மீண்டும் அதே நிலைக்குக் கொண்டுவந்து விட்டால் போதும்.