மொன்செராற் மலையில் ஒரு பகல்

நூலை இரவல் கொடுப்பதில் எனக்கு என்றுமே மனமில்லை. முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் செய்யும் ஒருவன் இவ்வாறு சொல்வது அழகன்று என்பதை அறிவேன். ஆயினும் உண்மை அதுவே. நன்னூற் காண்டிகையுரைப் பதிப்பொன்றும், என் ஆசிரியர் தம் கைப்படக் குறிப்பெழுதிய புறநானூற்றுப் பிரதியொன்றும் இரவலாகச் சென்று மீளாமற் போன நாள் தொட்டு, என் அலுமாரியின் திறப்பு என் மடியிலேயே இருந்து வருகிறது. இத்தகைய ஒருவனை நாணச் செய்த மலையொன்று ஸ்பானிய தேசத்திலே உண்டு.

2025ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பாரிஸ் நகரில் வாழும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து மருமகன் என்னைப் பார்சலோனாவுக்கு அழைத்துச் சென்றார். கடலைப் பார்த்தோம், கோயில்களைப் பார்த்தோம். மூன்றாம் நாட் காலையில், "மாமா, இங்கே ஒரு மலைமடம் இருக்கிறது. இந்த ஆண்டோடு அதற்கு ஆயிரம் வயது. அங்கே பழஞ்சுவடிகளும் இருக்கின்றனவாம்" என்றார். பின்னைய வாக்கியத்தை அவர் வேண்டுமென்றே சேர்த்துக் கொண்டார் போலும்.

நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் புகையிரதப் பயணம். தொழிற்சாலைகளும் ஆற்றோரக் குடியிருப்புகளும் கழிந்துகொண்டிருக்கையில், வானை நோக்கி விரல்களை விரித்துப் பிடித்தாற்போல அம்மலை திடீரெனத் தோன்றியது. மொனிஸ்ட்ரோல் என்னும் சிற்றூரில் இறங்கி வேறு வண்டி ஏறினோம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுடைய மூன்றாவது தண்டவாளம் ஒன்று கிடக்க, வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றது. ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்குள் ஏறத்தாழ 550 மீற்றர் உயரம்! 1892இல் முதன்முதல் ஓடிய இவ்வண்டி 1957இல் நிறுத்தப்பட்டு, 2003இல் மீளவும் புதிதாக அமைக்கப்பட்டது. கம்பியில் தொங்கிச் செல்லும் வண்டியும் உண்டு. 1930 முதல் இயங்குவது. என் தலைச்சுற்றலை அறிந்த மருமகன் அதன் பக்கம் என்னை அழைத்துச் செல்லவில்லை.

மொன்செராற் என்பதற்கு வாளால் அரியப்பட்ட மலை என்பது பொருள். வாள் என்றது ஈண்டு தச்சர் மரம் அரியும் வாளை. வானதூதர் பொன்வாள் கொண்டு அம்மலையை அரிந்தனர் என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. நிலநூலாரோ, பண்டைய ஆறுகள் கடலோரத்திற் கொண்டு குவித்த கூழாங்கற்கள் இறுகிப் பாறையாகி, பின்னர் உயர்ந்து, மழையாலும் காற்றாலும் தேய்ந்து இவ்வுருப் பெற்றன என்பர். அருகிற் சென்று பாறையைத் தடவிப் பார்த்தேன். சாந்திலே கல் பதித்த சுவரேதான். உச்சிச் சிகரத்தின் உயரம் 1236 மீற்றர். மடம் அமைந்திருப்பது 720 மீற்றர் அளவில், பாறைகளின் மடியில்.

1025ஆம் ஆண்டளவில் இம்மடத்தை நிறுவியவர் ஒலிபா என்னும் மடாதிபதி. புனித பெனடிக்ற் வகுத்த ஒழுங்கின்படி வாழும் துறவிகள் இன்றும் இங்கே உறைகின்றனர். மடத்தின் நடுநாயகமாக விளங்குவது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தாற் செய்யப்பட்ட மரியன்னையின் திருவுருவம். முகமும் கைகளும் கரியன, மடியிலே குழந்தை, ஒரு கையிலே உலக உருண்டை. 'மொரெனெத்தா' என்று மக்கள் அழைக்கின்றனர். கரியவளைச் செல்லமாகக் குறுக்கி அழைக்கும் பெயர் அது. 1881இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவ்வன்னையைக் கத்தலோனியா நாட்டின் பாதுகாவலியாக அறிவித்தார். உருவத்தைச் சூழக் கண்ணாடி. உருண்டை ஏந்திய கை மாத்திரம் வெளியே. அதனைத் தொடுவதற்கு நின்ற வரிசையின் நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்களுக்கு முன் நின்ற மூதாட்டி தொட்ட கையை எடுக்கவே இல்லை. காவலரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

1522ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில், போரிற் காலுடைந்து தேறிய படைவீரர் ஒருவர் இவ்வன்னையின் முன் விடியும்வரை விழித்திருந்து, தம் வாளைக் கழற்றி வைத்துச் சென்றார். அவரே பின்னாளில் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அச்சபை தோன்றியது 1540இல். அதற்குப் பின் நாற்பதாண்டும் செல்லுமுன், அச்சபைத் துறவியாகிய அண்டிரிக் அடிகளார் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறிற்று. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது அதுவே. வீரமாமுனிவரும் அச்சபையினரே. வாள் வைக்கப்பட்ட அந்த இடத்திலே நின்று இவற்றையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். அவர் பொறியியல் படித்தவர். எனினும் பொறுமையாகக் கேட்டார்.

அச்சு என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. மொன்செராற் மடத்திலே 1499ஆம் ஆண்டிலேயே அச்சுக்கூடம் இயங்கியது. மடத்தின் பெயரால் இன்றும் நூல்கள் வெளிவருகின்றன. ஆயினும் யான் சென்றது அச்சு நூலுக்காக அன்று. ஒரு கையெழுத்துச் சுவடியின் வரலாற்றுக்காகவே.

அதன் பெயர் செந்நூல். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மடத்திலே எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டிற் கட்டிய செம்பட்டு அட்டையால் இப்பெயர் பெற்றது. மலையேறி வரும் யாத்திரிகர் இரவிலே கோயிலில் விழித்திருக்கும்போதும், பகலிலே முற்றத்திற் கூடும்போதும் பாடவும் ஆடவும் விரும்பினர். ஆட வேண்டாம் என்று துறவிகள் அவர்களைத் தடுக்கவில்லை. ஆடுவதானால் இவற்றைப் பாடி ஆடுக என்று தகுதியான பாடல்களை இசைக்குறிப்போடு எழுதி வைத்தனர். நமக்குக் கிடைப்பன பத்துப் பாடல்கள். இலத்தீன் மொழியில் மாத்திரமன்றி, யாத்திரிகர் வீட்டிற் பேசிய கத்தலான் மொழியிலும், அண்டை நாட்டு ஒக்சித்தான் மொழியிலும் அவை அமைந்துள்ளன. மரணத்தை நோக்கி விரைகின்றோம் என்னும் கருத்துடைய பாடலொன்றும் அவற்றுள் உண்டு, அதற்குங்கூட ஆடினார்களாம். கற்றோர் மொழியோடு மக்கள் மொழியையும் ஒரே ஏட்டிலே சரியாசனம் வைத்த அத்துறவியின் பெயரை அறியேன். எனினும் அவர் நல்லாசிரியர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1811இல் நெப்போலியனின் படை இம்மலையை அழித்தது. அடுத்த ஆண்டிலும் அழிவு தொடர்ந்தது. கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நூற்றாண்டுக் கணக்காகச் சேர்த்த நூலகமும் ஆவணங்களும் தீக்கிரையாயின. செந்நூல் எரியவில்லை. ஏன்? அது அப்போது மடத்தில் இல்லை. பார்சலோனாவிலே லியோ என்னும் பட்டமுடைய பிரபு ஒருவர் அதனை இரவலாகப் பெற்றுச் சென்றிருந்தார்! பூட்டிக் காத்தவை சாம்பராயின, கொடுத்தது மிஞ்சியது. 172 ஏடுகளுள் 137 இன்று உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சுவடி மடத்துக்கு மீண்டது. பிரபுவின் குடும்பத்தார் அவ்வளவு காலம் வைத்திருந்தமைக்கு அவர்களைக் குறை கூறுவதா, வாழ்த்துவதா என்று நெடுநேரம் யோசித்தேன்.

இன்று மடத்து நூலகத்திலே மூன்று இலட்சம் அளவான நூல்கள் உள்ளன என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டபோது, 1981இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவனாகிய எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. மருமகனும் ஒன்றும் கேட்கவில்லை.

தீயினாற் செய்ய முடியாததைச் சட்டத்தினாற் செய்ய முயன்ற காலமும் அம்மலைக்கு வந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது துறவிகள் சிதறினர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கத்தலான் அரசு தலையிட்டமையால் கட்டடம் தப்பியது. 1939இல் வெற்றி பெற்ற பிராங்கோவின் ஆட்சியிலே பள்ளிக்கூடம், அலுவலகம், செய்தித்தாள் யாவற்றிலிருந்தும் கத்தலான் மொழி துரத்தப்பட்டது. 1947இல் அன்னையின் திருவுருவத்தைப் புதிய அரியணையில் ஏற்றும் விழாவுக்குப் பல்லாயிரவர் மலையேறினர். அன்று அம்மொழி வெளியரங்கில் ஒலித்தது. ஏறுதற்கரிய பாறையொன்றிலே இரவோடிரவாக யாரோ கட்டிய கத்தலான் கொடியை இறக்கக் காவலர் பட்ட பாடு இன்றும் கதையாக வழங்குகின்றது.

மடத்தார் அனைவரும் தொடக்கம் முதலே வீரர் என்று எழுதினால் அது மிகையாகும். மடாதிபதி எஸ்கரே முன்னர் ஆட்சியாளரோடு இணங்கி நடந்தவரே. அவர்தாம் 1963இல் பிரான்சின் 'லெ மொந்த்' பத்திரிகைக்கு அளித்த செவ்வியில், கிறித்தவ அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அரசு கிறித்தவ நெறிப்படி நடக்கவில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். 1965இல் நாட்டை விட்டு நீங்கி இத்தாலி சென்றார். 1968இல் சாகும் தறுவாயிலேதான் திரும்பினார். மனம் மாறியவரையே யான் பெரிதும் மதிக்கின்றேன். 1959 முதல் மடம் கத்தலான் மொழியில் நடத்திய சஞ்சிகையின் பெயர் 'செர்ரா தோர்'. பழங்கதையின் அந்தப் பொன்வாளே அது! திருச்சபை வெளியீடு என்பதால் பிற ஏடுகளுக்கு இல்லாத நிழல் அதற்கு இருந்தது. 1970 டிசம்பரிலே, பாஸ்க் இனத்தவர் பதினறுவர் மீது பூர்கோஸ் நகரில் நடந்த இராணுவ வழக்கை எதிர்த்து, ஓவியர் மீரோ உள்ளிட்ட ஏறத்தாழ முந்நூறு கலைஞரும் எழுத்தாளரும் இம்மடத்தினுள்ளே அடைந்திருந்தனர். வெளியே காவற்படை சூழ்ந்து நின்றது.

நண்பகல் கழிந்து ஒரு மணியளவில் சிறுவர் பாடகர் குழு கோயிலுட் புகுந்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய சிறுவர் குழுக்களுள் இது ஒன்று. 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இதன் செய்தி வருகின்றது. கவிஞர் வெர்தகேர் 1880இல் இயற்றிய 'விரோலாய்' என்னும் பாடலை அவர்கள் எடுத்தபோது, சுற்றி நின்றோரிற் பலர் உதடசைத்தனர். மொழி தடையுண்டிருந்த ஆண்டுகளிலும் இப்பாடல் இங்கே ஒலித்ததாம். ஓரத்தில் நின்ற பையன் ஒருவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டே உச்ச சுரத்தைத் தவறாமற் பிடித்தான். வகுப்பறை நினைவு வந்து எனக்குச் சிரிப்பு உண்டாயிற்று.

கடைத்தெருவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரும் இடத்திலே கடைகள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன. அங்கே செந்நூற் பாடல்களைப் பற்றிய சிறு நூலொன்றும் இசைத்தட்டொன்றும் வாங்கி, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்த வாரமே எங்கள் கலாசாலையின் சங்கீத ஆசிரியை அவற்றைக் கேட்டார். திறப்பை எடுக்கச் சிறிது நேரம் சென்றது. ஆயினும் கொடுத்தேன். மாதம் இரண்டாகிறது. அவர் அந்நூலைத் தம் மாணவி ஒருத்திக்குக் கொடுத்திருப்பதாக நேற்றுக் கேள்வியுற்றேன்.