மலையேற்றமும் இருதயத் துடிப்பும்

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை சுமார் 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்டது. அடிவாரம் முதல் காலிகோபுரம் வரையிலான பகுதி மிகவும் செங்குத்தானது. ஓய்வு நேரத்தில் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கும் இருதயம், இப்படிகளில் ஏறும்போது அதைப் போல் இரு மடங்கு வேகத்தையும் எட்டக்கூடும். வேகம் மட்டுமன்று, ஒவ்வொரு துடிப்பின் வலிமையும் கூடுகின்றது. சில விநாடிகளில் இம்மாறுதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அறிந்துகொண்டால், மலையேறத்தக்கவர் யார், தகாதவர் யார் என்பதன் காரணமும் விளங்கும்.

நரம்பு, தசை ஆகியவற்றின் உயிரணுக்கள் மின் கிளர்ச்சி அடையக்கூடியவை. அவற்றின் மெல்லிய உறையில், புரதத்தாலான நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. சோடியம், பொட்டாசியம், கால்ஷியம் முதலியவற்றின் அயனிகள் இக்கால்வாய்களின் வழியே உள்ளும் புறமும் செல்கின்றன. உயிரணுவின் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிக அடர்த்தியில் கால்ஷியம் அயனிகள் வெளியே உள்ளன. ஏரியின் மதகு திறந்ததும் நீர் பாய்வது போல, கால்வாய் திறந்ததும் கால்ஷியம் உள்ளே பாய்கின்றது, தசை சுருங்குகின்றது. எவ்வளவு கால்ஷியம் பாய்கின்றதோ அதற்கேற்பச் சுருக்கத்தின் வலிமையும் அமைகின்றது.

மலையேறுகையில் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினும் வெளிப்படுகின்றன. இவை இருதய உயிரணுவின் உறையைத் தொட்டவுடன், உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் உண்டாகின்றது. இருதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் பகுதியில் இத்தூதுப்பொருள் சில கால்வாய்களை நேராகவே பற்றித் துடிப்பின் வேகத்தைக் கூட்டுகின்றது. அத்துடன், புரதக் கைனேஸ் ஏ என்னும் என்ஸைமையும் அது தூண்டுகின்றது. இந்த என்ஸைம், ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து வேறொரு புரதத்தின்மேல் பொருத்துகின்றது. இதற்குப் பாஸ்பரிலேற்றம் என்று பெயர். பாஸ்பேட் பொருந்தியதும் அப்புரதத்தின் வடிவமும் செயலும் மாறுகின்றன.

பாஸ்பேட்டை வழங்கும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். ஹார்வர்டில் பணியாற்றிய அவரும் பிஸ்கேயும் 1929-இல் அதைக் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் தனியே கண்டார். பாஸ்பரிலேற்றத்தால் புரதங்கள் ஆளப்படும் முறையை விளக்கிய கிரெப்ஸ், பிஷர் இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இருதயத்தில் பாஸ்பேட் பொருந்துவது எந்தப் புரதத்தின்மேல் என்னும் வினா நெடுங்காலம் தீராதிருந்தது. கால்ஷியம் கால்வாயின்மேலேயே அது பொருந்துகின்றது எனப் பலர் கருதினர். ஆயினும் அவ்வாறு கருதப்பட்ட ஓர் இடத்தை மாற்றியமைத்த எலிகளிலும் அட்ரினலின் வழக்கம்போலவே செயற்பட்டது. 2020-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விடை கண்டனர். ராட் என்னும் சிறு புரதம் கால்வாயைத் தடுத்து நிற்கின்றது. பாஸ்பேட் பொருந்தியதும் அது விலகுகின்றது. மதகின் கதவை மாற்றாமல், அதில் செருகியிருந்த முளையைப் பிடுங்குவதை இது ஒக்கும்.

துடிப்பு விரையும்போது, அடுத்த துடிப்பிற்கு முன் ஒவ்வோர் உயிரணுவும் விரைவில் ஓய்வு நிலைக்குத் திரும்புதல் வேண்டும். ஒருவகைப் பொட்டாசியம் கால்வாய் இப்பணியைச் செய்கின்றது. பாஸ்பரிலேற்றத்தால் இதன் ஓட்டமும் பெருகுகின்றது. பிறவியிலேயே இக்கால்வாயில் குறை உள்ளவர்களுக்கு ஓய்வில் தொல்லை தோன்றாமலும் இருக்கலாம்; கடும் உழைப்பின்போது துடிப்பு தாறுமாறாகி, மயக்கமோ மரணமோ நேரக்கூடும். ஆதலின் ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழும் மாணவனைக் களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியரின் கடமையாகும்.

உழைப்பு நின்றதும் பாஸ்படேஸ் என்னும் என்ஸைம்கள் பாஸ்பேட்டை நீக்கிவிடுகின்றன. இருதயம் மெல்ல அமைதியடைகின்றது. இடையிடையே அமர்ந்து இளைப்பாறி ஏறுவதன் பயன் இதனால் புலனாகும். இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கோ, இருதயம் கேட்கும் பிராண வாயு போதிய அளவு கிடைப்பதில்லை. இத்தகையோர்க்கு அளிக்கப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள், அட்ரினலின் உறையைத் தொடாமல் தடுத்து, மேற்கூறிய செயல் தொடரை முதற்படியிலேயே தணிக்கின்றன. யாத்திரையை முன்னிட்டு அவற்றைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. இருதய நோயாளர் நடந்து ஏறுவதைத் தவிர்த்து, மலைப்பாதையில் செல்லும் பஸ்ஸில் செல்லுதல் நலம். ஏறும்போது மார்பில் இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ தோன்றினால் அந்தப் படியிலேயே அமர்ந்து உதவி கோருதல் வேண்டும் என்பதை ஊழியர்கள் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.