பட்டமும் கடனும்: அமெரிக்கக் கறுப்பினப் பட்டதாரிகளின் பொருளியல் நிலை

கல்வி ஒன்றே ஏழ்மையைக் களையும் என்று நாம் வகுப்பறைகளில் ஓயாது கூறிவருகிறோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அனுபவம் இக்கூற்றை முற்றாக மறுக்கவில்லை. ஆயினும், ஒரே பட்டத்தை இருவர் பெறும்போது அதற்கான பணம் எவருக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அது நம்முன் வைக்கின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் வருமானம் வேறு, செல்வம் வேறு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் கைக்கு வருவது வருமானம். வீடு, சேமிப்பு, பங்கு முதலிய உடைமைகளின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்தால் எஞ்சுவது செல்வம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் குடும்ப நிதி ஆய்வின்படி, வெள்ளையர் குடும்பங்களைச் செல்வ வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் செல்வம் ஏறத்தாழ 285,000 டாலர். கறுப்பினத்தவரிடையே அது 44,900 டாலர். ஆறு மடங்குக்கும் மேற்பட்ட இவ்விடைவெளியை ஊதிய வேறுபாட்டைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

இதன் வேர் சட்டங்களில் உள்ளது. 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விலக்கியது. அந்நாளில் கறுப்பினத் தொழிலாளருள் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். இனத்தைச் சொல்லி எவரையும் சட்டம் விலக்கவில்லை. தொழிலைச் சொல்லி விலக்கியது. இதன் நோக்கம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவு பற்றி ஐயமில்லை. 1934இல் அமைந்த கூட்டரசு வீடமைப்பு நிர்வாகமோ, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளிக்க மறுத்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல் வந்தபோது, வெள்ளையர் குடும்பங்களின் வீடுகள் ஒரு தலைமுறைக் காலம் விலையேறியிருந்தன.

அவ்வீடே பின்னர்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாயிற்று. வீடில்லாதவரின் பிள்ளைகள் கடன் வாங்கினர். 2008இல் பட்டம் பெற்றோரைப் பற்றி ஜூடித் ஸ்காட் கிளேட்டன், ஜிங் லி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பட்டம் பெறும் நாளில் கறுப்பினப் பட்டதாரியின் சராசரிக் கடன் வெள்ளையரினும் 7,400 டாலர் மிகுதியாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 25,000 டாலராக வளர்ந்தது. வட்டி ஏறியதும் மேற்படிப்புக்கு மீண்டும் கடன் வாங்கியதும் முதன்மைக் காரணங்களாகும். நான்காண்டுக்குப் பின்னர், இளங்கலைப் படிப்பிற்கான கூட்டரசுக் கடனில் தொடக்கத்தைவிடக் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தோர் கறுப்பினத்தவருள் 48 விழுக்காட்டினர். வெள்ளையருள் 17 விழுக்காட்டினர்.

தமிழில் கடன் என்னும் சொல் கடமையையும் குறிக்கும். அமெரிக்காவில் இவ்விரண்டும் ஒருவர் தோளிலேயே சேர்வதைக் காண்கிறோம். வெள்ளையர் குடும்பங்களில் பணம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றது. கறுப்பினப் பட்டதாரியோ பெற்றோரைத் தாங்க வேண்டியவராகப் பெரிதும் இருக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிகளைக் கண்ட நம் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று.

வேலைச் சந்தையும் இக்கடனை விரைந்து தீர்க்க விடுவதில்லை. மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதியில் நிகரான விண்ணப்பங்களுக்கு வெள்ளையர் பெயர்களையும் கறுப்பினப் பெயர்களையும் மாற்றி மாற்றி இட்டனர். வெள்ளையர் பெயருக்குப் பத்தில் ஓர் அழைப்பு. கறுப்பினப் பெயருக்குப் பதினைந்தில் ஒன்று. இம்முடிவு 2004இல் வெளியாயிற்று. பெயருக்குள்ள விலையை அளந்தவருள் ஒருவர் தமிழ்ப் பெயர் தாங்கியவர் என்பதையும் நாம் கவனிக்காமல் இருக்க இயலவில்லை.

2022இல் அதிபர் பைடன் கல்விக் கடனில் 10,000 டாலர் வரையிலும், குறைந்த வருமானக் குடும்பத்தாருக்குரிய பெல் உதவித்தொகை பெற்றவர்க்கு 20,000 டாலர் வரையிலும் தள்ளுபடி அறிவித்தார். 2023 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. அத்திட்டம் நிறைவேறியிருப்பினும், அதன் அளவுகோல் பெரிதும் வருமானமாகவே இருந்தது, செல்வம் அன்று.